இறுகிப்போன குழாயும் மாஸ்டரம்மாவின் மணிக்கட்டும்

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஒரு பட்டறையில் துணி வெட்டுவதுதான் அவள் வேலை. அங்கே எல்லோரும் அவளை மாஸ்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரர் கேலிக்காகத்தான் அந்தப் பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்தார். நாளாக நாளாகக் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது.

துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அந்தப் பெரிய கத்திரியை அவள் ஓட்டுகிற அழகைப் பார்க்கவேண்டும். மேல் அடுக்கிலிருந்து அடி அடுக்குவரை ஒரு நூல் பிசகாது. அப்படிப்பட்ட கை ஒருநாள் முறிந்தது. தரையில் கிடந்த துணித்துண்டை மிதித்து வழுக்கினாள், விழாமலிருக்கக் கையை ஊன்றினாள், மணிக்கட்டு போயிற்று. தான் வெட்டிப் போட்ட துண்டே தன் காலை வாரிவிட்டதே என்பதுதான் வலியைவிட அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர், "எலும்பு கூடிடுச்சும்மா. இனி பழக்கப் பழக்கத்தான் பலம் வரும்" என்று சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தையும் கையில் கொடுத்தார். அவளும் அமுக்கினாள். ஆனால் அந்தப் பந்தின்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. யார் அமுக்கினாலும் அமுங்குகிற பந்து அது. ஆளுக்கு ஆள் தலையாட்டுகிறவனிடம் போய் யாராவது நியாயம் கேட்பார்களா? அதனால் அவள் தன் கைக்கு ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். பரீட்சை வைத்தது சமையலறைக் குழாய்.

பழைய காலத்துத் திருகு குழாய் அது. பூவிதழ் மாதிரி நாலு மேடு வைத்த கைப்பிடி. தொட்டி மூலையில் இருந்தது, இடப்பக்கம் சுவர். இடது கையால் திருகப் போனால் முழங்கை சுவரில் இடிக்கும். அது போதாதென்று, இடது கைக்கு இடம் கொடுத்தால் வலது கை சோம்பேறியாகிவிடும் என்று அவளே ஒரு சட்டமும் போட்டிருந்தாள். தினமும் காலையில் வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்புமுன் பெரிய பானையில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் இவள் குழாயடிக்குப் போய், வலது கையை மட்டும் கைப்பிடியில் வைத்து, மூச்சைப் பிடித்துத் திருகிப் பார்ப்பாள்.

முதல் நாள் கண்ணில் நீர் வந்துதான் தண்ணீர் வந்தது. அன்றைக்கு மட்டும் அவர் கிளம்பும்வரை அவள் பொறுக்கவில்லை; வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டார். பிறகு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, குழாய் வெண்ணெய் மாதிரி திரும்பியது. அவளால் நம்பவே முடியவில்லை. மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். உடனே பட்டறை முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, "கை வந்துடுச்சும்மா. அடுத்த வாரம் வந்துடறேன்" என்று சொல்லியும்விட்டாள். அன்று பூராவும் வீட்டில் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே திரிந்தாள்.

சொல்லி வாய் மூடவில்லை, குழாய் மறுபடி கடினமானது. மறுநாள் கொஞ்சம், அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நடுவில் ஒருநாள் இளகினது போல இருந்தது; பிறகு முன்னைவிட மோசமாக இறுகியது. ஒரு வாரத்தில், மூச்சைப் பிடித்தாலும் பல்லைக் கடித்தாலும் கைப்பிடி அசையவில்லை. கை தேறவில்லை, கை செத்துக்கொண்டிருக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. பட்டறைக்கு இன்று நாளை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலாளியம்மா நல்ல மனுஷிதான். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் காலம். "துணி மலையா குவிஞ்சு கிடக்கு. இப்ப வந்திருக்கற ஆளு சட்டையோட ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வச்சிருக்காரு. புள்ளைங்க என்ன, நண்டா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு. நீ வர்றியா, இல்ல அவரையே வச்சுப் பழக்கிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

வரவில்லை என்று சொல்வதாக மாஸ்டரம்மா மனதுக்குள் தீர்மானித்து வைத்திருந்தாள். சொல்லத்தான் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலை நாத்தனார் வந்து இறங்கினாள். வீட்டுக்காரரின் தங்கை. சொந்தத்தில் எல்லோரும் வைத்த பெயர் ரேடியோ. பொத்தானை அமுக்காமலே பாடுகிறவள். பெண்டாட்டி முகம் வாடிக் கிடக்கிறதே என்று அண்ணன்காரர்தான் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பையைக் கீழே வைக்கும்போதே ரேடியோ ஆரம்பித்துவிட்டாள். "என்ன அண்ணி, கை ஒடைஞ்சா முகமுமா ஒடையும்? போய் உக்காருங்க. முதல்ல நான் ஒரு டீ போட்டுத் தரேன். எங்கண்ணன் போடற டீயைக் குடிச்சுக் குடிச்சுத்தான் உங்களுக்கு இந்தச் சோகம்."

கெட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவளின் பேச்சு திடீரென்று நின்றது. அவள் பேச்சு நிற்பது அதிசயம் என்பதால் மாஸ்டரம்மா எட்டிப் பார்த்தாள். ரேடியோ இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இது குழாயா, கோட்டைக் கதவா? யாரு அண்ணி இதை இப்படி இறுக்கி வச்சது?"

"உனக்கும் வரலியா?" என்றாள் மாஸ்டரம்மா. குரல் அவளுக்கே வேறு யாருடைய குரலோ மாதிரி கேட்டது.

"எனக்கா? நான் வீட்டுல பீரோவையே ஒத்தையா நகத்தறவ. எனக்கே தோள்பட்டை விட்டுப்போச்சு. நீங்க எப்படி இந்தக் கையை வச்சுக்கிட்டுத் திறக்கறீங்க?"

"திறக்கல. ஒரு வாரமா அது அசையவே இல்ல. என் கைதான் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

ரேடியோ கெட்டிலை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "கையா? இந்தக் குழாயை வச்சா கையை அளந்தீங்க? நல்லா அளந்தீங்க போங்க! கோணல் ஸ்கேலை வச்சுக்கிட்டுத் துணி கோணலா இருக்குன்னு அழுத கதையா இருக்கு. அண்ணன் என்ன சொன்னாரு?"

"அவருக்கு எங்க தெரியும்? நாள் பூரா துரு ஏறின நட்டோட மல்லுக்கட்டற கை அது. இரும்பும் அவருக்கு ஒண்ணுதான், இடியாப்ப மாவும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு அவள் குழாயையே பார்த்தாள். வெள்ளிக்கிழமை நாளைக்கு. குழாய்தான் கெட்டுப்போயிருக்கிறது என்றால், தன் கை என்னவாக இருக்கிறது என்பது இன்னும் தெரியாத சங்கதி. தெரிந்துகொள்ளாமல் முதலாளியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

"பிரிச்சுப் பாத்துடுவோமா?" என்றாள்.

"அண்ணன் வரட்டுமே."

"வேண்டாம். நாமளே பாப்போம். நமக்குள்ள மூணு கை இருக்கு."

தொட்டிக்கு அடியில் இருந்த வால்வை ரேடியோ குனிந்து மூடினாள். பிறகு இருவருமாகக் கைப்பிடியின்மேல் துணியைச் சுற்றி முறுக்க, முனகிக்கொண்டே திரும்பிய குழாய் மிச்சத் தண்ணீரைக் கக்கிவிட்டு ஓய்ந்தது. திருகாணி கீழே விழுந்தால் அதோடு போச்சு என்று தொட்டியின் ஓட்டையை ஒரு கந்தல் துணியால் அடைத்தார்கள். கைப்பிடியின் நடுவே பொத்தான் மாதிரி ஒரு மூடி. அதை நெம்புவதற்கு ரேடியோ அலமாரியிலிருந்த அவளுடைய துணி வெட்டும் பெரிய கத்திரியை எடுக்கப் போனாள்.

"அதைத் தொட்டே, உன் விரலை வெட்டிடுவேன்" என்றாள் மாஸ்டரம்மா.

"அப்ப கை நல்லாத்தான் இருக்கு!" என்று சிரித்துவிட்டு ரேடியோ ஒரு சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த திருகாணியைச் சுழற்றி, கைப்பிடியை அப்படியும் இப்படியும் ஆட்டி மேலே உருவினார்கள். அதற்கடியில் பெரிய நட்டு. பளபளப்பில் கீறல் விழாமலிருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு அண்ணனின் ஸ்பேனரைப் போட்டு ரேடியோ திருப்பினாள். மாஸ்டரம்மா இடது கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்த ஒவ்வொன்றையும் மேடையில் விரித்த செய்தித்தாளின்மேல், வந்த வரிசையிலேயே, வந்த திசை மாறாமல் அவள் வைத்துக்கொண்டே வந்தாள். கழுத்து, தோள், கை என்று வெட்டின துண்டுகளை அவள் பட்டறையில் அப்படித்தான் வைப்பாள். தைக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் சரியான துண்டு கையில் வரவேண்டும்.

கடைசியாக, கைப்பிடியோடு சேர்ந்து சுழலும் தண்டு வெளியே வந்தது. ஒரு விரல் நீளத்துக்குப் பித்தளை. அதன் திருகு வரிகளில் உப்புநீரின் வெள்ளைப் படிவம். நடுவில், ஒரு பள்ளத்தில் உட்கார வேண்டிய கறுப்பு ரப்பர் வளையம் பள்ளத்தை விட்டுப் பிதுங்கிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிலும் மேலும் கீழும் மஞ்சளாக, கெட்டியாக, அப்பி அப்பி வைத்திருந்தது ஒரு பசை.

மாஸ்டரம்மா தண்டை மூக்கருகே கொண்டுபோனாள். மோந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் துவைத்துத் துவைத்துப் போகாத கறை இது.

"அண்ணே!" என்றாள் ரேடியோ, அண்ணன் அங்கே இல்லாவிட்டாலும். "இது அவரோட சைக்கிள் கிரீஸ்! கதவு கத்தினா கிரீஸ், ஜன்னல் கத்தினா கிரீஸ், போன தடவை என் குடையில தடவிப் புதுத் துணியெல்லாம் போச்சு. இவருக்குக் காய்ச்சல் வந்தாக்கூட நெத்தியில கிரீஸ்தான் தடவிப்பாரு!"

மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாரே, அந்த முதல் நாள் அவளுக்கு இப்போது புரிந்தது. கையைக் காட்ட அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரமாகப் பார்த்து வந்து தடவியிருக்கிறார். அதுதான் குழாய் வெண்ணெயாகத் திரும்பிய காலை. அவள் முகம் மறுபடி வாடவும் மறுபடி தடவியிருக்கிறார். நடுவில் ஒருநாள் இளகினதும் அதனால்தான். அவர் தடவத் தடவ ரப்பர் ஊதியிருக்கிறது. ரப்பர் ஊத ஊத இவள் தன் கை செத்துக்கொண்டிருப்பதாகத் துக்கம் கொண்டாடியிருக்கிறாள். கோபப்படலாம் என்று பார்த்தாள். கோபம் பாதி வழியில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது.

தண்டை வினிகரில் ஊறப்போட்டுவிட்டு, ஊதிப்போன வளையத்தை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு இருவரும் தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யாரு அக்கா இதுக்குக் கிரீஸ் போட்டது? பேரிங்குக்குப் போடறதை ரப்பருக்குப் போட்டா எண்ணெயைக் குடிச்சு உப்பிடும்."

"எங்க வீட்டு இன்ஜினியர்தான்" என்றாள் ரேடியோ.

கடைக்காரர் புது வளையம் ஒன்றும், பல் விளக்கும் பசை மாதிரி ஒரு சின்ன டியூபும் எடுத்து வைத்தார். "சிலிக்கான் கிரீஸ். தண்ணிக் குழாய்க்கு இதுதான். ஆசையா நிறைய வச்சுடாதீங்க. விரல் நுனியில தொட்டு, மினுமினுன்னு தெரியற அளவுக்கு இருந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து பழைய பல்துலக்கியால் வரிகளைத் தேய்த்ததும் வெள்ளைப் படிவம் கரைந்து பித்தளை முகம் காட்டியது. அலசித் துடைத்தார்கள். புது வளையத்தைப் பள்ளத்தில் உட்காரவைக்கும் வேலையை மாஸ்டரம்மா தானே செய்தாள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கொஞ்சம் தயங்கின. ஆனாலும் வளையம் போய் உட்கார்ந்தது. டியூபைத் திறந்து, கண்ணாடி மாதிரி இருந்த அந்தப் பசையைத் தொட்டு, வளையத்தைச் சுற்றியும் வரிகளிலும் மெல்லிசாகத் தடவினாள். பிறகு செய்தித்தாளில் வைத்த வரிசையைப் பின்னாலிருந்து முன்னால் எடுத்துக்கொடுக்க, ரேடியோ ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.

"ரொம்ப முறுக்காதே. நின்னா போதும்."

"சரி மாஸ்டர்."

வால்வைத் திறந்தார்கள். எங்கும் கசியவில்லை. ரேடியோ ஒற்றை விரலால் கைப்பிடியின் ஒரு மேட்டைத் தள்ளினாள். தண்ணீர் கொட்டியது. மூடிவிட்டு, "இப்ப நீங்க" என்றாள்.

மாஸ்டரம்மா வலது கையை வைத்துத் திருப்பினாள். வலி இல்லை. முக்கல் இல்லை. தண்ணீர் வந்தது.

"பாத்தீங்களா! கை நல்லா இருக்கு! எடுங்க போனை, முதலாளியம்மாவைக் கூப்பிடுங்க!" ரேடியோ குதிக்காத குறை.

மாஸ்டரம்மா குழாயை மூடினாள்.

"இல்லம்மா. குழாய் நல்லா இருக்குன்னு தெரியுது. இதை ஒரு குழந்தைகூடத் திறந்துடும். இறுகிக் கிடந்தப்ப இது சொன்ன பேச்சைக் கேட்டு அழுதேன். அதுக்கு முன்னாடி இது வழுக்கிட்டுத் திரும்பின ஒரு நாள், பேச்சைக் கேட்டு வாக்குக் குடுத்தேன். ரெண்டும் கிரீஸோட வேலை. இனிமே இதைக் கேக்கறதா இல்ல."

அவள் அலமாரியைத் திறந்து கத்திரியை எடுத்தாள். கை முறிந்த நாளிலிருந்து அதை அவள் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று கேட்டால் கை தேறட்டும் என்று காத்திருந்ததாகச் சொல்வாள். உண்மை அதுவல்ல. குழாயிடம் தோற்றால் குழாயிடம் தோற்றதாக மட்டும் போகும். கத்திரியிடம் தோற்றால் எல்லாம் போனதாகிவிடும். அந்தப் பயம்தான்.

பழைய படுக்கை விரிப்பு ஒன்றை மேசைமேல் விரித்தாள். ஒற்றைத் துணியாக நீளவாக்கில் ஒரு வெட்டு. கத்திரி சத்தமில்லாமல் ஓடியது. கோடு நேராக வந்தது. இரண்டாக மடித்து இன்னொன்று. அதுவும் வந்தது, முடிகிற இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. நாலாக மடித்தாள். பாதி தூரம்வரை போன கை அங்கே நடுங்க ஆரம்பித்தது. கட்டைவிரலின் அடியில் சுரீரென்று ஒரு வலி. கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள்.

ரேடியோ குனிந்து, வெட்டினவரைக்கும் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு அடுக்கு" என்றாள் மாஸ்டரம்மா. "இன்னிக்கு இவ்வளவுதான் என் கை."

சொன்னபோது அவள் முகத்தில் அழுகை இல்லை. ஒருவருடைய சட்டைக்கு அளவெடுத்து முடித்த மாதிரி ஒரு தெளிவுதான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, கை கழுவப் போய், வழக்கம்போல வேகமாக ஒரு திருகு திருகினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து தொட்டியில் மோதிச் சட்டை முழுவதையும் நனைத்தது. "அய்யோ" என்று பின்வாங்கியவர், செய்தித்தாளில் சுரண்டி வைத்திருந்த மஞ்சள் கிரீஸைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றாள் ரேடியோ. "அண்ணி சொல்லட்டும். நான் வந்ததுலேர்ந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"உங்க கிரீஸால ரப்பர் ஊதிப்போச்சு" என்றாள் மாஸ்டரம்மா. "என் கை போச்சுன்னு நினைச்சு, வேலையே வேண்டாம்னு சொல்ல இருந்தேங்க நான். நாளைக்கு."

அவர் ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நீ கஷ்டப்படறதைப் பாத்தேன். லேசாக்கி வைப்போமேன்னு..."

"சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?"

"சொன்னா நீ என்ன கேப்பே? 'என் கையால முடியாதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா'ன்னு கேப்பே."

அப்படித்தான் கேட்டிருப்பாள், ஒரு எழுத்து மாறாமல்.

"சரி" என்றாள் கடைசியில். "இனிமே நீங்களும் சொல்லிட்டுச் செய்யுங்க. நானும் வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லிடறேன்."

"ரெண்டு பேரும் இதை முன்னாடியே பண்ணியிருந்தா எனக்கு பஸ் செலவு மிச்சம்" என்றாள் ரேடியோ.

மாஸ்டரம்மா போனை எடுத்தாள். மறுமுனையில் முதலாளியம்மாவின் குரலுக்குப் பின்னால் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். ரெண்டு அடுக்குத்தான் வெட்ட முடியுது. அதுக்கு மேல நடுங்குது. பெரிய அடுக்கெல்லாம் அந்தப் புது ஆளே வெட்டட்டும். கோடு போடறதும் கழுத்தும் கையும் நான் பாத்துக்கறேன். இதுக்குச் சம்மதம்னா வரேன்."

வீட்டுக்காரர் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"கோடு போட ஆள் இல்லாமத்தானே எல்லாம் நண்டு சட்டையா வருது" என்றாள் முதலாளியம்மா. "காலையில வந்துடு."

மறுநாள் அவள் போனபோது வெட்டுமேசை முழுக்கத் துணி பரந்து கிடந்தது. புது ஆள் நடுவயதுக்காரர். இவளைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அளவுநாடாவை எடுத்துக் கழுத்தில் மாட்டினார், கழற்றினார். பிறகு தன் துணியைச் சுருட்டி ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, மேசையில் பாதியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

"கை வெட்டறதுல எனக்கு எங்கேயோ பிசகுதுங்க" என்றார் தணிந்த குரலில்.

"துணியோட நல்ல பக்கத்தை உள்ளே வச்சு மடிச்சுப் போடுங்க. ஒண்ணு வலதா, ஒண்ணு இடதா தானா வரும். இங்க பாருங்க."

அவள் நீலத் துணியை இரண்டாக மடித்து விரித்தாள். உள்ளங்கையால் சுருக்கத்தைத் தள்ளினாள். சாக்குக்கட்டியை எடுத்து, தோளிலிருந்து அக்குள்வரை ஒரே இழுப்பில் வளைவைப் போட்டாள். கத்திரி வளைவின் பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது கை லேசாக நடுங்கியது. நிறுத்தினாள். கையை மேசைமேல் வைத்து, விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தாள். பக்கத்தில் அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மறுபடி கத்திரியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்டினாள்.